குழந்தையின் கண் எவ்வளவு கிட்டத்தில் குவிகிறது? ஸ்கேல் வைத்து அளக்கும் முறை

கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் சிலியரி தசை இறுகி, லென்ஸ் குண்டாகிறது. பிள்ளைகளுக்கு இந்தத் திறன் ஏராளம். வீட்டிலேயே தோராயமாக அளக்கலாம்.

செய்தித்தாளின் வரி விளம்பரத்திலிருந்து ஒரு சொல்லை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். தலைப்பு எழுத்து ஆகாது. கிட்டே வர வரப் பெரிதாகத் தெரிவதால், மங்கிய பிறகும் பிள்ளை வாசித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி போடுகிற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். மைனஸ் 3 பவர் உள்ள கண்ணுக்கு 33 செ.மீ. தூரம் லென்ஸ் உழைக்காமலே தெளிவு. கழற்றி அளந்தால் அந்த 3 கணக்கில் ஏறி, இல்லாத திறனைக் காட்டும்.

நல்ல வெளிச்சத்தில், ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். 30 செ.மீ. ஸ்கேலின் பூஜ்ய முனை திறந்த கண்ணின் வெளி ஓரத்துக்கு நேராக இருக்கட்டும். அட்டையை 30இலிருந்து வினாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் உள்ளே நகர்த்துங்கள். மங்கியதும் நிறுத்தி, "நல்லா உத்துப் பாரு, தெளியுதா?" என்று கேளுங்கள். தெளிந்தால் தொடருங்கள், தெளியாவிட்டால் அதுதான் அளவு. கண்ணுக்கு மூன்று முறை.

100ஐ அந்த செ.மீ.யால் வகுத்தால் குவிக்கும் திறன் டயாப்டரில் (கண்ணாடிப் பவரைச் சொல்லும் அதே அலகு) கிடைக்கும். வயதில் கால் பங்கை 15இலிருந்து கழித்தால் இருக்கவேண்டிய குறைந்தபட்சம் கிடைக்கும். 8 வயதுக்கு 13, அதாவது சுமார் 7.7 செ.மீ. அதைவிட 2 டயாப்டருக்கு மேல் குறைந்தாலும் (8 வயதில் 9 செ.மீ.க்கு அப்பாலேயே மங்கினால்), ஒவ்வொரு முறையும் அளவு தள்ளிக்கொண்டே போனாலும், இரு கண்ணும் நன்றாக வேறுபட்டாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளவு நன்றாக வந்துவிட்டதே, கிட்டப்பார்வை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அதில் பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டு, விழித்திரை பின்னால் போயிருக்கும். லென்ஸ் எவ்வளவு குண்டானாலும் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னால்தான் விழும். கண் பயிற்சியால் பவர் இறங்கும் என்பதெல்லாம் அதனால்தான் நடப்பதில்லை.

வலுவான அந்தத் தசை, கடையில் உள்ள கம்ப்யூட்டர் சோதனையையும் ஏமாற்றும்: பிள்ளை இயந்திரத்துக்குள் பார்க்கும்போதே லென்ஸைக் குவித்துவிட்டால் இல்லாத மைனஸ் பவர் வரும். முதல் கண்ணாடி எழுதுமுன் சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்தால் தசையைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் வரை கிட்டத்து எழுத்து மங்கலாம், வெயில் கூசும். பரீட்சைக்கு முந்தின நாள் போகாதீர்கள்.