படகு டிரெய்லர் மாட்டும் முன் ஹிட்ச்சில் பார்க்க வேண்டியவை

மும்பையின் உப்புக்காற்றில் ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) சீக்கிரம் துருப்பிடிக்கும். அதிலுள்ள உருண்டையான உலோகக் குண்டைத் துணியால் துடைத்து, மேலே பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். குண்டின் மேல் கவிழ்ந்து உட்காரும் டிரெய்லரின் முன்முனையான கப்ளரிலும் அதே அளவு இருக்க வேண்டும். 1⅞ அங்குலக் குண்டில் 2 அங்குலக் கப்ளர் சரியாக உட்கார்ந்ததுபோலவே தெரியும்; மழைக்காலப் பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும்.

குண்டில் லேசாகக் கிரீஸ் தடவி, கப்ளரை இறக்கி, தாழ்ப்பாளைப் பூட்டி, அது திறக்காமலிருக்கப் பூட்டு ஊசியை (pin) மாட்டுங்கள். பிறகு ஜாக்கியால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு விழுந்திருக்கிறது. எவ்வளவு அவசரமானாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் தாங்கும். படகை இறக்குமுன் விளக்கு பிளக்கைக் கழற்றுங்கள், சூடான பல்பு தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கரையேறியதும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.