கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியும்: ஆரம்ப சுகாதார ஆய்வைக் கருத்தரங்கில் பகிரும்போது விடும் பிழைகள்

என்னுடைய பிழையில் இருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு சனிக்கிழமைக் கருத்தரங்கு. ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்பது என் தலைப்பு. நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற தொற்றா நோய்களை முளையிலேயே கண்டுபிடிக்க 2011இல் இலங்கை முழுக்கத் தொடங்கிய நிலையங்கள் அவை. பெண்கள் வருவார்கள், ஆண்கள் வரமாட்டார்கள் என்பது நாடறிந்த குறை. என் தரவிலோ ஒரு நிலையத்தில் ஆண்கள் நிறைய வந்திருந்தார்கள். அதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, "இங்கே ஏதோ சரியாக நடக்கிறது" என்று சொன்னேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் இரண்டு நிபுணர்கள் புள்ளிவிபரச் சோதனை பற்றிக் கேட்டார்கள். முடிந்தது.

தேநீர் நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைவ்) ஒருவர் றோல்ஸ் தட்டோடு கிட்ட வந்தார். "டொக்டர், குறை நினைக்காதேங்கோ. அந்த மாசம் கடற்றொழில் சங்கத்து ஆக்களை நாங்கள்தான் மொத்தமாக் கூட்டிக்கொண்டு வந்து பாத்தனாங்கள். தன்பாட்டிலை வந்த ஆம்பிளையள் அஞ்சாறு பேர்தான்."

என் முடிவு அந்த றோல்ஸ் தட்டுக்கு முன்னால் விழுந்துபோனது. அவர் மண்டபத்திலேயே அதைச் சொல்லாதது அவருடைய பிழை இல்லை. ஆய்வைச் செய்த நானும் நிகழ்வை ஒழுங்கு செய்தவர்களும் அவர் அங்கே வாய் திறக்க வழி வைக்கவில்லை. கீழே சொல்லப்போகும் பிழைகளில் முக்கால்வாசி இதே வேரில் முளைத்தவை. தரவைச் சேர்த்துத் தந்தவர் கடைசி வரிசையில் இருக்க, நாங்கள் முன்வரிசைக்கு மட்டும் பேசுகிறோம்.

மருத்துவ இதழில் வரும் கட்டுரையையும் வட்டாரக் கருத்தரங்கையும் ஒன்றாக நினைப்பதுதான் பிழைகளில் பெரியது. பதினைந்து நிமிடம் தருகிறார்கள். முதல் ஏழு நிமிடம் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பின் (ஊர்க் கிளினிக்கில் முதலில் கிடைக்கும் பராமரிப்பு) வரைவிலக்கணம், அதை வலியுறுத்திய 1978 அல்மா அட்டா பிரகடனம், உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடம் என்று போகிறது. (யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியதும் அதே 1978இல்தான். அதைச் சொன்னாலாவது சபை நிமிர்ந்து பார்க்கும்.) பிரதேச வைத்தியசாலையில் ஒரு நாளில் நூறு பேரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஆரம்ப சுகாதாரம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. எந்தக் கேள்வியோடு தொடங்கினீர்கள், யாரிடம் எப்படிக் கேட்டீர்கள், என்ன கிடைத்தது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, திங்கட்கிழமை கிளினிக்கில் எதை மாற்றலாம் என்பவையே அவருக்கு வேண்டியவை. பன்னிரண்டு நிரல் அட்டவணையை ஒட்டிவிட்டு "இது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லை" என்று சொல்லிக் கடப்பவர் ஒருவராவது ஒவ்வொரு கருத்தரங்குத் தொடரிலும் இருப்பார். தெரியாது என்றால் ஏன் போட்டீர்கள்?

எண்கள் காட்டும் கண்கட்டு

எங்கள் ஆய்வுகளில் மிக அடிக்கடி வருவது 'முன்பும் பின்பும்' ஒப்பீடு. பிறசர் கூடினவர்களைத் தெரிந்தெடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பது. சராசரி இறங்கியிருக்கும். "எங்கள் அறிவுரை வேலை செய்தது" என்று கடைசி ஸ்லைட் சொல்லும்.

குருநகர்க் கரையில் இன்று மிகக் கூட மீன் பட்ட பத்து வள்ளங்களைக் குறித்து வையுங்கள். நாளைக்கு அதே பத்தின் சராசரி பெரும்பாலும் குறைந்திருக்கும். அவர்களுக்குத் தொழில் மறந்துபோகவில்லை. இன்று கூடப் பட்டதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது, அது நாளைக்கும் சேர்ந்து வராது. குருதியமுக்கமும் அப்படித்தான். இரவு நித்திரை இல்லாத அன்றும், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அன்றும், நம்பர் துண்டுக்குச் சண்டை பிடித்த அன்றும் ஏறும். முதல் நாள் 160க்கு மேல் காட்டியவர்களை மட்டும் பொறுக்கினால், அன்று தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள். ஒரு சொல் அறிவுரையும் சொல்லாமல் மூன்று மாதம் கழித்து அளந்தாலும் சராசரி கீழே வரும். புள்ளிவிபரவியலில் இதற்குச் 'சராசரி நோக்கித் திரும்புதல்' என்று பெயர்.

தப்பும் வழி கடினமானதில்லை. தெரிந்தெடுத்த பிறகு, அறிவுரைக்கு முன், இன்னொரு நாள் ஒருமுறை அளந்து அதையே தொடக்க அளவாக எடுக்கலாம். அறிவுரை கொடுக்காத பக்கத்துக் கிளினிக் ஒன்றையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டும் முடியாவிட்டால், இந்த இறக்கத்தில் எவ்வளவு எங்களால் வந்தது என்று சொல்ல முடியாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன ஒருவரை யாரும் குறைத்து மதித்ததை நான் காணவில்லை.

திரும்பி வராதவர்களை மறந்துவிடுவது இதற்குத் தம்பி. நூறு பேரில் அறுபது பேர்தான் மூன்றாம் மாதம் வந்தார்கள் என்றால், வந்த அறுபது பேரின் சராசரி யாருடையது? மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர் வருவார். விட்டுவிட்டவர் டொக்டர் ஏசுவார் என்று ஒளிப்பார். கொழும்புக்கு மகளிடம் போனவரும், தனியார் கிளினிக்குக்கு மாறியவரும், செத்துப்போனவரும் அந்த நாற்பதுக்குள் இருக்கிறார்கள். எத்தனை பேர் வரவில்லை, ஏன் என்று தெரிந்தவரை ஒரு வரி போடுங்கள். அந்த 'ஏன்' பெரும்பாலும் மிட்வைவ் அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

வருடத்தையும் கவனியுங்கள். 2021ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைத்து வருகை குறைந்தது என்று காட்டுபவர், ஒன்றில் கொரோனாப் பயணத்தடையும் மற்றதில் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்ததைச் சொல்லாமல் விட்டால், சபையில் சைக்கிளில் கிளினிக்குக்கு வந்த ஒவ்வொருவரும் உள்ளுக்குள் சிரிப்பார்கள். டெங்கு எண்ணிக்கையில் ஒக்டோபருக்கும் ஜூனுக்கும் ஒப்பீடு செய்வதும் இதே வகை. வடகீழ் பருவமழை யாருடைய திட்டத்துக்கும் காத்திருப்பதில்லை.

பகுதி எண்ணை, அதாவது எந்த ஆட்களுக்குள் எண்ணினோம் என்பதை, மறப்பது இன்னொன்று. கிளினிக்குக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சலரோகம் (நீரிழிவு) என்றால் அது ஊரில் மூன்றில் ஒருவருக்குச் சலரோகம் என்று ஆகாது. வருத்தக்காரர்தானே கிளினிக்குக்கு வருகிறார்கள். இந்த வித்தியாசத்தை ஸ்லைட்டிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மண்டபத்தில் நிருபர் ஒருவர் இருந்தால் அடுத்த நாள் தலைப்பு என்னவாக வரும் என்று முதல் நாளே யோசிக்க வேண்டும்.

பெயர் போடவில்லையே என்று சொல்லாதீர்கள்

இந்தப் பிழைதான் என்னை மிகவும் பயப்படுத்துவது. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிட்டார் என்று நினைக்கிறோம். "நெடுந்தீவு, 42 வயது, கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள், தற்கொலை முயற்சி" என்று கற்பனையாக ஒரு ஸ்லைட் போட்டுப் பாருங்கள். குறிகட்டுவானில் படகு ஏறுகிற யாரைக் கேட்டாலும், தீவுக்குப் போய்ச் சேருமுன் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒருவரைப் பெயரால் அறிவதில்லை. எந்த ஒழுங்கை, யாருடைய மருமகள், யாருக்குப் பக்கத்து வளவு என்பதால்தான் அறிகிறோம். நீங்கள் அழித்த பெயரைத் தவிர எல்லாவற்றையும் ஸ்லைட்டில் விட்டிருக்கிறீர்கள்.

ஊரைத் 'தீவகம்' என்றோ 'கரையோரப் பிரதேசம்' என்றோ அகலமாக்கலாம். வயதைப் பத்து வருட இடைவெளியில் சொல்லலாம். கதைக்குத் தேவையில்லாத விபரத்தை விடலாம். அட்டவணையில் ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கைகளைத் தனியே காட்டாமல் சேர்த்துவிடுவது பல நாடுகளில் வழக்கம். பதின்ம வயதுக் கர்ப்பம், பாலியல் நோய், தற்கொலை முயற்சி போன்றவற்றில் அது கட்டாயம். இப்போது எல்லோர் கையிலும் போன். நீங்கள் அடுத்த ஸ்லைட்டுக்குப் போகுமுன் முந்தியது மூன்று வட்ஸ்அப் குழுவில் கிடக்கும். புண்ணின் படத்தைப் போட்டவர் பின்னால் தெரிந்த வேலியையும் கேற்றையும் வெட்ட மறந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆட்களைப் போலவே இடங்களும் வெட்கப்படும். ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் பெயர் சொல்லி, கூடியதில் இருந்து குறைந்ததுவரை அடுக்கி, கடைசியில் வந்ததைச் சிவப்பில் காட்டினால், அந்தப் பணிமனை அடுத்த வருடம் உங்களுக்குத் தரவு தரும். ஆனால் அழகான தரவாகத் தரும்.

ஆய்வுக்கான ஒழுக்கவியல் அனுமதி பற்றியும் ஒன்றிரண்டு வரி. கிளினிக் கொப்பியில் இருந்து எடுத்த தரவுதானே என்று முதலில் எடுத்துவிட்டு, கருத்தரங்குக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அனுமதிக்கு ஓடாதீர்கள். ஒழுக்கவியல் குழுவும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் ஆய்வு தொடங்குமுன் போகவேண்டிய வாசல்கள். கருத்தரங்கில் சொல்லிவிட்டால் இதழில் போடமாட்டார்கள் என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. மாநாட்டில் வாய்மொழியாகவோ சுருக்கமாகவோ சொன்னதை முன்பே வெளியிட்டதாகக் கொள்ளத் தேவையில்லை என்பதே சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் நிலைப்பாடு. அனுப்பும் இதழின் விதியை ஒருமுறை வாசித்தால் போதும்.

எந்த மொழியில் நோகிறது

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்கான பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். நாங்களோ தமிழில் கேட்ட ஆய்வை, தமிழ் பேசும் சபைக்கு, ஆங்கில ஸ்லைட்டை வாசித்துச் சொல்கிறோம். தமிழ் தெரியாத சிங்கள வைத்தியர்களும் வருவார்கள் என்பது நியாயமான காரணம்தான். அப்படியானால் ஸ்லைட்டில் ஆங்கிலம், வாயில் தமிழ் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஆங்கிலம் என்பது கடைசி வரிசைக்குக் கதவைச் சாத்துவது.

நேர்காணல் ஆய்வுகளில் நட்டம் இன்னும் பெரிது. ஒரு தாய் "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது, ஒரே யோசினை" என்று சொல்லியிருப்பார். மொழிபெயர்ப்பில் அது நெஞ்சிறுக்கம் ஆகிவிடும். வாசிக்கிற நிபுணர் ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கேட்பார். யோசினை என்றால் இங்கே சிந்தனை இல்லை. காணாமல் போன பிள்ளை, அடைக்காத கடன், வெளிநாட்டில் இருந்து எடுக்காத போன் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மூல வாக்கியத்தைத் தமிழில் அப்படியே ஸ்லைட்டில் போட்டு, மொழிபெயர்ப்பைக் கீழே போடுங்கள். மொழிபெயர்ப்பு பிழை என்றால் சபை உங்களுக்குச் சொல்லித்தரும்.

ஒழுங்கு செய்பவர்களுக்கும் கொஞ்சம். கிளினிக் நாளில் வைத்தால் கிளினிக் ஆட்கள் வரமாட்டார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். மாலை நான்கு மணிக்கு முடித்தால் நெடுந்தீவுக்காரருக்குப் படகு இல்லை, முல்லைத்தீவுக்காரர் இருட்டில் வீடு போகவேண்டும். வட மாகாணத்துக்கு மாவட்டம் ஐந்து. எப்போதும் யாழ்ப்பாணத்திலேயே ஏன்? கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் மேசையைத் தூக்கிக்கொண்டு போகலாம். சூமிலும் காட்டுவதாக இருந்தால் சபையின் கேள்விக்குத் தனி மைக் வேண்டும். இல்லாவிட்டால் வவுனியாவில் இருப்பவர் பதிலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

கேள்வி நேரத்தை மூத்தவர்களிடம் விட்டால் அது கேள்வி நேரம் இல்லை, இரண்டாவது விரிவுரை. முதல் மூன்று கேள்விகள் தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருக்கு என்று தலைவர் முதலே அறிவிக்க வேண்டும். எழும்பிக் கேட்கக் கூச்சப்படுபவருக்குச் சின்னத் துண்டும் பேனையும் கொடுக்கலாம். ஒரு தொடரில் அப்படிச் செய்து பார்த்தோம். முதல் துண்டிலேயே "மண்டபத்தில் மின்விசிறி வேலை செய்யவில்லை" என்று இருந்தது. இரண்டாவது துண்டு என் மாதிரி எடுத்த முறையையே கேள்வி கேட்டது.

அந்த றோல்ஸ் தட்டுக்காரரை அடுத்த வருடமும் கருத்தரங்கில் காண இருந்தது. இந்த முறை அவருடைய பிரிவின் ஸ்லைட்டை முன்கூட்டியே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு மறுமொழி வந்தது. "டொக்டர், மூண்டாவது வரியிலை 46 எண்டு போட்டிருக்கு. என்ரை கொப்பியிலை 41." கூடவே கொப்பிப் பக்கத்தின் படம். பெயர்கள் இருந்த நிரலின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துப் படம் எடுத்திருந்தார்.