எறும்பு இனம் பிரிக்க ஆணின் வால்முனையைப் பாருங்கள்

வேலைக்கார எறும்பை மட்டும் வைத்துக்கொண்டு இனம் பிரிக்க மல்லுக்கட்டி அலுத்துப் போனவர்களுக்கு இது. சில சாதிகளில் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த பேரினங்களில்) வேலைக்கார எறும்புகள் எல்லாம் ஒரே அச்சு, வித்தியாசம் முழுக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பில்தான் இருக்கும்.

மட்டக்களப்பில் மாரி தொடங்கி மழை விட்ட இரவில் விறாந்தை லைட்டைப் போட்டால் ஈசலோடு ஆண் எறும்பும் வந்து விழும். ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், இடுப்பே இருக்காது. எறும்புக்கு முன்சிறகு பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும். சின்னத் தலையும் பெரிய கண்ணும் என்றால் அநேகமாக ஆண். ஆனால் லைட்டுக்கு வந்தது எந்தப் புற்றுக்காரன் என்று யாருக்குத் தெரியும்? முடிந்தால் புற்றைக் கிளறி ஆணையும் வேலைக்காரர்களையும் ஒரே போத்தலில், 70 வீத எதனோலில் போடுங்கள்.

அப்புறம் நுணுக்குக்காட்டியின் கீழே, கூர்மையான சாவணத்தால் வயிற்று முனையை மெல்லப் பிடித்து இழுத்தால் உறுப்பு ஒரு சின்னக் கூடு போலக் கழன்று வரும். அதைப் 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சில மணி நேரம் ஊறவிட்டால் தசை கரைந்துவிடும் (கையுறை போடுங்கள், தோலை அரிக்கும்), தண்ணீரில் கழுவி கிளிசரின் துளியில் வையுங்கள்.

மூன்று சோடி மடல்கள் தெரியும். வெளியே இரண்டு கை போலப் பாராமியர், நடுவில் வொல்செல்லா, உள்ளே ஆண்குறி மடல். அந்த உள்மடலின் கீழ்விளிம்பில் வாள்பல் மாதிரிச் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும், அதன் வடிவமும் பல்வரிசையும்தான் பல இனங்களில் கைகொடுக்கும். சரியாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தே பாருங்கள். நான் ஒருமுறை ஒரே உறுப்பைச் சற்றுச் சாய்ந்தபடி இரண்டு தடவை வரைந்துவிட்டு இரண்டு இனம் என்று குதித்திருக்கிறேன்.

டெக்சாஸில் 2002 இல் கண்ணில் பட்டுப் பெருந்தொல்லையான எறும்பு நைலாண்டீரியா சாதியில் ஃபுல்வா என்ற இனமா, ப்யூபென்ஸ் என்ற இனமா என்று பத்து வருடம் இழுபட்டது, காரணம் வேலைக்கார எறும்புகளைக் கொண்டு பிரிக்க முடியவில்லை. ஆணின் பாராமியரில் ப்யூபென்ஸுக்கு நீண்ட மயிர்கள் விசிறி போல அடர்த்தி, ஃபுல்வாவுக்கு ஐது. அதையும் டி.என்.ஏ.யையும் சேர்த்துப் பார்த்து 2012 இல் ஃபுல்வாதான் என்று முடிவு கட்டினார்கள்.

பார்த்து முடிந்ததும் உறுப்பைக் கிளிசரின் உள்ள குட்டிக் குழாயில் போட்டு, அந்த எறும்பைக் குத்திய அதே ஊசியில் கோத்துவிடுங்கள், தனியாக வைத்தால் ஒரு வாரத்தில் எது எதனுடையது என்று உங்களுக்கே தெரியாது.