ரெவிட்டில் வொர்க் பிளேன், ரெஃபரன்ஸ் பிளேன், ரெஃபரன்ஸ் பாயின்ட்: எதை எங்கே, எப்படி வைப்பது

கட்டிடங்களை 3டியில் வடிவமைக்கும் மென்பொருளான ரெவிட்டில் வரையும் எந்தக் கோடும் ஏதோ ஒரு தளத்தின் மேல்தான் உட்காரும். அந்தத் தளம்தான் வொர்க் பிளேன். மேலிருந்து பார்க்கும் பிளான் வியூவில் அந்தந்த லெவலே (மாடி மட்டமே) தானாக வொர்க் பிளேன் ஆகிவிடுவதால், புதிதாகப் பழகுபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பக்கவாட்டுத் தோற்றமான எலிவேஷனிலோ வெட்டுத் தோற்றமான செக்‌ஷனிலோ முதல் கோட்டை இழுக்கப் போகும்போதுதான், எந்தத் தளத்தில் வரைய வேண்டும் என்று ரெவிட் கேட்கும். அங்கே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டால், எலிவேஷனில் சரியாகத் தெரியும் கோடு பிளானில் பார்த்தால் பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும்.

தளத்தை மாற்ற, ஆர்க்கிடெக்சர் மெனுவில் வொர்க் பிளேன் பகுதிக்குப் போய் 'செட்' அழுத்துங்கள். மூன்று வழிகள் வரும்: பெயரைச் சொல்லித் தேர்வது, ஒரு பரப்பைத் தொட்டுக் காட்டுவது, ஏற்கெனவே வரைந்த ஒரு கோட்டைக் காட்டி அதன் தளத்தையே எடுத்துக்கொள்வது. சாய்ந்த கூரையின் மேல் வரைய வேண்டுமென்றால் இரண்டாவது வழி. கூரையின் மேல் கர்சரை வைத்து, வேண்டிய பரப்பு ஒளிரும்வரை டேப் கீயைத் தட்டுங்கள். எது சிக்கியிருக்கிறது என்பதைத் திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பார் சொல்லும். அதைப் படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள். பக்கத்திலேயே உள்ள 'ஷோ' பட்டனையும் அழுத்தி வைத்தால், நடப்புத் தளம் கட்டம் போட்ட பரப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 3டி வியூவில் இது இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

வரையும் கருவிகள் மங்கிப்போய் அழுத்தவே முடியவில்லையா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வொர்க் பிளேன் அந்த வியூவுக்குச் செங்குத்தாக, ஒற்றைக் கோடாக நிற்கிறது. வியூவை மாற்றுங்கள், அல்லது தளத்தை மாற்றுங்கள்.

பெயர்ப் பட்டியலில் ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் (வழிகாட்டியாக நாமே வரையும் கற்பனைத் தளம்) வர வேண்டுமென்றால் அதற்குப் பெயர் வைத்திருக்க வேண்டும். ஆர், பி என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி வரைந்த கையோடு, பிராப்பர்ட்டீஸில் 'படிக்கட்டு முகப்பு' என்பதுபோல ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். பெயரில்லாத இருபது பிளேன்களுக்கு நடுவே சரியானதைத் தேடுவது வீண் வேலை.

ஃபேமிலியில் பிளேன்கள்

கதவு, அலமாரி போலத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளின் வார்ப்புதான் ஃபேமிலி. 1200 மி.மீ. அகலமுள்ள ஒரு அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஜெனரிக் மாடல் டெம்ப்ளேட்டைத் திறந்தால் நடுவில் இரண்டு பிளேன்கள் ஏற்கெனவே இருக்கும். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று வரையுங்கள். இடது, நடு, வலது மூன்றையும் ஒரே தொடர் டைமென்ஷனால் (அளவுக்கோட்டால்) இணைத்து, அதன் மேல் வரும் இ.க்யூ. (சமம்) குறியை அழுத்துங்கள். பிறகு இடதுக்கும் வலதுக்கும் மட்டும் இன்னொரு டைமென்ஷன் போட்டு, அதற்கு அகலம் என்ற, மதிப்பை மாற்றக்கூடிய பாராமீட்டரைக் கொடுங்கள். முதல் டைமென்ஷனை விட்டுவிட்டால் அகலத்தை மாற்றும்போது நடுக்கோடு நடுவில் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் நீளும்.

பலகையை வரைவதற்கு முன்பே அகலத்தை 600, 1200, 2400 என்று மாற்றிப் பாருங்கள். பிளேன்கள் ஒழுங்காக நகர்ந்தால்தான் வரைந்த வடிவைப் பலகையாக நீட்டும் எக்ஸ்ட்ரூஷனைத் தொட வேண்டும். அதன் ஒவ்வொரு விளிம்பையும் அலைன் கருவியால் பிளேனோடு சேர்த்துப் பூட்டுங்கள். டைமென்ஷனைப் பலகையின் விளிம்பில் போடாமல் பிளேனில் போடுவது முக்கியம். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் கை தவறுவது எளிது, இங்கேயும் டேப் கீதான் துணை. ஒரே தூரத்தை இரண்டு டைமென்ஷன்கள் கட்டுப்படுத்தினால், கட்டுப்பாடுகள் நிறைவேறவில்லை என்ற பிழைச் செய்தி வரும். இரண்டில் ஒன்றை நீக்கிவிடுங்கள்.

பிளேனின் பிராப்பர்ட்டீஸில் 'ஈஸ் ரெஃபரன்ஸ்' என்று ஒரு வரி உண்டு. 'ஸ்ட்ராங்' என்றால் ப்ராஜெக்ட்டில் (ஃபேமிலியைக் கொண்டுவந்து வைக்கும் கட்டிடக் கோப்பில்) டைமென்ஷன் உடனே பிடிக்கும். 'வீக்' என்றால் டேப் தட்ட வேண்டியிருக்கும். 'நாட் எ ரெஃபரன்ஸ்' என்றால் பிடிக்கவே பிடிக்காது. ஓரத்து பிளேன்களுக்கு 'லெஃப்ட்', 'ரைட்' என்றே கொடுப்பது நல்லது. ஒரு அலமாரி ஃபேமிலியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் டைமென்ஷன்கள் அறுந்துபோகாது.

சுழல வேண்டிய பாகத்துக்கு ரெஃபரன்ஸ் பிளேன் சரிப்படாது. அது முடிவில்லாதது, சுழற்சிக்கு மையம் கிடையாது. அங்கே முனைகள் உள்ள ரெஃபரன்ஸ் லைன் வரைந்து, அதன் ஒரு முனையை ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பிளேன்களோடும் தனித்தனியாக அலைன் செய்து பூட்டிவிட்டு, கோண டைமென்ஷன் கொடுங்கள். ஒரே பிளேனோடு மட்டும் பூட்டினால் கோணம் மாறும்போது முனை வழுக்கிக்கொண்டு போகும்.

வளைந்த உருவத்துக்குப் பாயின்ட்கள்

கட்டிடத்தின் ஒட்டுமொத்த உருவத்தைச் சுதந்திரமாக வடிக்கும் கான்செப்சுவல் மாஸ் சூழலில் ஒவ்வொரு ரெஃபரன்ஸ் பாயின்ட்டும் தன்னோடு தளங்களைச் சுமந்து வருகிறது. தனியாக வைத்த பாயின்ட்டுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள். சில பாயின்ட்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வழியே ஸ்ப்லைன் போட்டால் அவை வளைகோட்டை இழுத்துச் செல்பவையாக மாறும். பிறகு அந்தக் கோட்டின் மேல் வைக்கும் பாயின்ட் அளவில் சிறியதாகத் தெரியும். அது கோட்டுக்கு அடிமை, கோட்டின் வழியேதான் நகரும். அந்த இடத்தில் கோட்டுக்குச் செங்குத்தான தளம் அதனிடம் கிடைக்கும்.

வளைந்த குழாய் ஒன்றுக்கு இதுதான் தேவை. கோட்டின் மேல் ஒரு பாயின்ட் வையுங்கள். 'செட்' அழுத்தி அந்தப் பாயின்ட்டின் செங்குத்துத் தளத்தைக் கிளிக் செய்யுங்கள். 'டிரா ஆன் வொர்க் பிளேன்' தேர்வில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாயின்ட்டை மையமாக வைத்து 75 மி.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். வட்டத்தையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'கிரியேட் ஃபார்ம்'. வட்டத்தைத் தவறி லெவலின் மேல் வரைந்திருந்தால், பிறகு வளைகோட்டை அசைக்கும்போது அது பழைய இடத்திலேயே நின்றுவிடும். கோட்டின் வளைவு வட்டத்தின் ஆரத்தைவிட இறுக்கமாக இருந்தால் குழாய் தன்னையே வெட்டிக்கொள்ளும், ஃபார்ம் உருவாகாமல் பிழை வரும்.

இன்னொரு நுணுக்கம்: பாயின்ட்டின் இடத்தைச் சொல்லும் 'நார்மலைஸ்டு கர்வ் பாராமீட்டர்' 0 முதல் 1 வரை ஓடும். நேர்கோட்டில் 0.5 நடுப்புள்ளிதான், ஸ்ப்லைனில் அது நீளத்தின் சரிபாதி என்று நம்பிவிடாதீர்கள். சம இடைவெளி வேண்டுமென்றால் 'மெஷர்மென்ட் டைப்'பை 'நார்மலைஸ்டு செக்மென்ட் லெங்த்' என்று மாற்றுங்கள்.

வைக்கும் இடத்துக்கேற்ப உருமாறும் ஃபேமிலியான அடாப்டிவ் காம்பொனென்ட்டில் பாயின்ட்களுக்கு எண் வரும். ப்ராஜெக்ட்டில் அதே எண் வரிசையில்தான் கிளிக் செய்ய வேண்டியிருக்கும். நான்கு மூலைப் பேனல் ஒன்று வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல முறுக்கிக்கொண்டு வந்தால், எண்கள் சுற்றுவரிசையில் இல்லாமல் குறுக்காகத் தாண்டியிருக்கின்றன என்று அர்த்தம். ஃபேமிலியைத் திறந்து, பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்ணின் மேல் கிளிக் செய்து சரியான எண்ணைத் தட்டுங்கள். அந்த எண் வேறொரு பாயின்ட்டிடம் இருந்தால் இரண்டும் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும்.