புரோஜெஸ்டிரோன் குறைவு என்றதும் செய்யக்கூடாதவை

நாள் தள்ளிப்போய் ஆறாவது வாரத்தில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டில், கர்ப்பம் தங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 'குறைவு' என்று பார்த்ததும் பலருக்குத் தூக்கமே போய்விடுகிறது. முதல் தவறு அங்கேதான், அந்த ஒரு எண்ணை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவது. இந்த ஹார்மோன் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். அதோடு, ஆரம்ப வாரங்களில் இதைச் சுரப்பது சினைப்பையில் முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம்; கரு சரியாக வளராதபோது அதன் சுரப்பும் குறைந்துவிடும். அதாவது குறைவு என்பது பல நேரம் காரணம் இல்லை, விளைவு. கரு எப்படி இருக்கிறது என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, அக்காவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது. வேண்டாம். 2019-ல் வெளியான பிரிட்டனின் 'பிரிசம்' ஆய்வில், ஆரம்பத்தில் ரத்தக்கசிவு இருந்த 4,153 பெண்களைப் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களில் புரோஜெஸ்டிரோன் மருந்தைப் பிறப்புறுப்பில் வைத்த 100 பேரில் 72 பேருக்குக் குழந்தை பிறந்தது, வைக்காதவர்களில் 57 பேருக்கு. யாருக்கு உதவும் என்பது உங்கள் பழைய கதையைப் பொறுத்தது, அதனால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் போட்டுக்கொண்டே எண் ஏறியதா என்று திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுப்பவர்களும் உண்டு. அந்த மருந்து இந்த டெஸ்டில் தெரியவே தெரியாது, காசும் மன நிம்மதியும்தான் போகும்.

படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, மாறாக காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். இந்த ஹார்மோனை ஏற்றிவிடும் சாப்பாடு என்றும் ஒன்று கிடையாது.

ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்டவர்கள் மட்டும் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில சிகிச்சை முறைகளில் உடலில் மஞ்சள் உடலமே இருக்காது. நஞ்சுக்கொடி (பிளசென்டா) ஹார்மோன் சுரக்கும் வேலையை எடுத்துக்கொள்ளும் வரை அந்த மருந்துதான் ஆதாரம்.

அப்புறம், இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கினாலும் புரோஜெஸ்டிரோன் குறைவாக வரலாம். வயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு என்று எது வந்தாலும், மாத்திரைதான் போடுகிறோமே என்று விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.