கத்திரி வெயிலில் மொட்டைமாடிச் செடிகளைக் காப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முதன்முதலாகத் தக்காளியும் கத்தரியும் வைத்த ஆண்டில், மே மாதம் பிறந்த இரண்டே வாரத்தில் பாதிச் செடிகளைப் பறிகொடுத்தேன். நண்பகலில், கருப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய் வழியே சுடச்சுட வந்த நீரை நேரே வேரில் ஊற்றியதுதான் காரணம்.

ஆகவே, காலை 7 மணிக்குள் நீர் ஊற்றுங்கள். முதல் நாள் இரவே வாளியில் பிடித்து ஆறவைத்த நீராக அது இருக்கட்டும். கடலோரமான நம் பக்கத்தில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அதையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிந்து, இலையின் ஓரம் பழுப்பேறிக் கருகும். அரிசி, பருப்பு கழுவிய நீரை என் மாமியார் ஒரு குண்டானில் தனியே சேர்த்து வைக்கிறார். எங்கள் கறிவேப்பிலை அதில்தான் தழைக்கிறது.

செடித் தொட்டிகளைத் தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் ஏற்றி, மண்ணைக் காய்ந்த தென்னை நாரால் மூடி, பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையை மேற்கு வெயிலும் படாதவாறு கட்டுங்கள். மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். வாடிய செடிக்கு உடனே உரம் இடாதீர்கள். புதுத் துளிர் விட்ட பின்பு இடலாம்.