பேஸ் கிட்டாரை வீட்டில் செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

குமரி மாவட்டத்தில், நான்கு தடித்த கம்பிகளில் கீழ்ஸ்தாயி வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு வேலை இல்லாத மாதமே கிடையாது. சர்ச் கொயர், கன்வென்ஷன் மேடை, கிறிஸ்துமஸ் கேரல், ஊர்த் திருவிழாக் கச்சேரி என்று யாராவது ஒருவர் வாசித்துக்கொண்டே இருப்பார். மரத்துக்கும் பஞ்சமில்லை, மரவேலை தெரிந்த ஆசாரிமாருக்கும் பஞ்சமில்லை. அதனால் "நாமே ஒன்று செய்தால் என்ன?" என்ற எண்ணம் இங்கே எளிதாக வந்துவிடுகிறது. செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் கவனத்தில் முக்கால் பங்கை பாடியின் வடிவத்துக்கும் பாலிஷுக்கும் செலவழித்துவிட்டு, கம்பிகள் ஓடும் நீளக் கழுத்தான நெக்கைக் கடைசியில் அவசரமாக முடிக்கிறார்கள். கெடுவது அங்கேதான். பாடியில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டையான ஃப்ரெட்டிலோ, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலோ அதே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் கொயரில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

நான்கு கம்பிகளையும் சுருதி சேர்த்ததும் அவை நெக்கை இழுக்கும் மொத்த விசை ஏறக்குறைய 75 கிலோ. ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதைப் போலத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஈர மரம்

முதல் தவறு அறுவை மில்லிலேயே தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் விழுந்த பலாவை அறுத்து, நாலு மாதம் திண்ணையில் சாத்தி வைத்துவிட்டு "காய்ஞ்சாச்சு" என்று உளியை எடுப்பார்கள். நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்கும்போது ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது உலகமெங்கும் தச்சர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. நம் மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், அது ஓய்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். இந்தக் காற்றில் அந்தக் கணக்கு இன்னும் நீளுமே தவிரக் குறையாது.

ஈரமானி இல்லையென்றால் தராசு போதும். பலகையை வாரம் ஒருமுறை எடைபோட்டுத் தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்று பல வாரம் ஆனபிறகு கை வைக்கலாம். கடைசி அறுப்பு வேலையைத் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட எளிய வழி, பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் மரம். ஐம்பது அறுபது வருஷம் உத்தரமாக இருந்த அயனியும் பலாவும் தேக்கும் இனிமேல் பெரிதாக அசையப்போவதில்லை. ஆனால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடாமல், பள்ளம் வெட்டும் ரௌட்டரை ஓட்டாதீர்கள். உளுத்த பொடி கொட்டினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது.

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். தோட்டத்திலிருந்து நேராக வருவதை வாங்க வேண்டாம், பூஞ்சையும் வண்டும் அதில் சீக்கிரமே ஏறிவிடும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகை பாடிக்கு நன்றாகவே இருக்கும். துண்டு துண்டாகக் கோத்து ஒட்டிய பலகையை நெக்குக்கு எடுக்கக் கூடாது. தென்னை மரத்தில் செய்து பார்க்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. தென்னை வெளிவட்டத்தில் கெட்டி, உள்ளே வெறும் சோறு, திருகாணி நிற்காது.

எடையையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 50 செ.மீ. நீளம், 34 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. கனமுள்ள பலகை ஐந்து கிலோவைத் தாண்டினால் அந்த மரம் வேண்டாம். வடிவம் வெட்டியபின் அதில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும், அதற்கு மேல் நெக்கும் இரும்புச் சாமான்களும் சேரும். கடையில் விற்கும் பேஸ்கள் பெரும்பாலும் நாலு, நாலரை கிலோதான். ஒரு முழு ஆராதனைக்கும் நின்றபடி வாசிப்பவரின் தோளிடம் கேட்டுப் பாருங்கள், அரை கிலோ கூடினால் என்ன ஆகும் என்று சொல்லும்.

மரத்தின் வகையால் ஒலி மாறும் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேசட்டும். முதல் பேஸில் மரம் உலர்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விதான் முக்கியம்.

நெக்

நெக்குக்கான துண்டில் ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் ரேகை சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் பின்னாளில் முறியும், அல்லது முறுக்கிக்கொள்ளும். ஒரே துண்டில் நல்ல ரேகை கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளை, நடுப்பட்டையின் ரேகையைத் திருப்பி வைத்து ஒட்டுவது பாதுகாப்பு. பார்க்கவும் அழகு.

நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இல்லாமல் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். "கெட்டி மரந்தானே, வளையாது" என்ற பேச்சு பேஸில் எடுபடாது. 34 அங்குலக் கம்பி நீளத்தில், நாள் முழுக்க ஈரக்காற்று வாங்கும் ஊரில், கெட்டி மரமும் வளையும். இருபக்கமும் திருப்பக்கூடிய ராடை வாங்குங்கள். அதற்குப் பள்ளம் நேராக, ஒரே ஆழமாக இருந்தால் போதும். ராடைக் கையில் வாங்கி அளந்தபிறகே பள்ளம் வெட்ட வேண்டும். இன்னொன்று, அதைத் திருப்பும் முனை எந்தப் பக்கம் வரும், சாவி எப்படி உள்ளே போகும் என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். ஒட்டி முடித்தபின் சாவி நுழைய இடமில்லாத நெக்குகள் நிறையவே உண்டு.

பின்பக்கத்தைச் செதுக்கும்போது வரும் ஆபத்து வேறு. முதல் ஃப்ரெட் அருகே நெக்கின் மொத்தக் கனம் 21 மி.மீ. என்று வையுங்கள். ஃப்ரெட்டுகள் பதியும் மேல்பலகையான ஃப்ரெட்போர்டு 6 மி.மீ., ராட் பள்ளம் 9 மி.மீ. போனால் மிச்சம் 6 மி.மீ. மட்டுமே. "இன்னும் கொஞ்சம் மெலிசா இருந்தா கைக்குச் சுகம்" என்று அரத்தைப் போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் பள்ளம் பின்னால் எட்டிப் பார்க்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஆகவே கனத்தை அளந்து அளந்தே இறங்குங்கள். 21க்கு வந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஃப்ரெட்டுகள்

1951இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ., தான் பேஸின் வழக்கமான அளவு. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள இந்தத் தூரத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், 48.47 மி.மீ. மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. கணக்கு எளிதுதான். ஆனால் ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து குறித்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சின்னச் சின்னப் பிழைகள் எல்லாம் கூடி, பன்னிரண்டாவதுக்கு வரும்போது பெரிதாகிவிடும். எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஐந்தாவது 216.6, ஏழாவது 287.2, பன்னிரண்டாவது 431.8, இருபதாவது 591.6 மி.மீ. இந்த நான்கும் சரியாக விழுந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அளக்க ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். ஆசாரி டேப்பின் முனைக் கொக்கி ஆடும், அப்படி ஆடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், இந்த வேலைக்கு அது ஆகாது. இணையத்தில் எடுத்த வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தாளுக்குள் அடங்கும்படி கணினி தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். பார்வைக்குத் தெரியாது. நட்டுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையே 431.8 இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் அந்தத் தாளை மரத்தில் ஒட்டாதீர்கள்.

ஃப்ரெட்டுக்கான காடியை ஆக்சா பிளேடால் அறுப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சகஜம். அந்தப் பிளேடின் பற்கள் இரண்டு பக்கமும் வளைந்திருக்கும், அதனால் வெட்டு அகலமாகிவிடும். ஃப்ரெட்டின் அடிநாக்கோ அரை மில்லிமீட்டரை ஒட்டியது. காடி தளர்ந்தால் ஃப்ரெட் நிற்காது, பசை போட்டு நிறுத்தினாலும் சில மாதங்களில் எழும்பும், கம்பி அதில் மோதிக் கரகரக்கும். ஃப்ரெட் வெட்டுவதற்கென்றே விற்கும் மெல்லிய ரம்பத்துக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

அப்புறம், வேலையின் வரிசை. ஃப்ரெட்போர்டின் இரண்டு ஓரமும் இணையாக இருக்கும்போதே காடிகளை அறுத்துவிட வேண்டும், அப்போதுதான் மூலைமட்டம் உட்காரும். முதலில் ஓரங்களைக் குறுக்கிச் செதுக்கியவர்களுக்குக் காடிகள் சாய்ந்துதான் போகும். பாடியிலும் இதே கதை: நெக் உட்காரும் பள்ளத்தையும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கான குழிகளையும் பலகை சதுரமாக இருக்கும்போதே வெட்டுங்கள், வெளிவடிவம் பிறகு.

நெக்கும் பாடியும் சேரும் இடம்

நெக்கின் அடிப்பகுதி 25 மி.மீ., பாடியில் பள்ளம் 16 மி.மீ. என்றால் ஃப்ரெட்போர்டின் முகம் பாடிக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். இந்த 9 மி.மீ. வாங்கி வைத்திருக்கும் பிரிட்ஜின் உயரத்தோடு பொருந்துகிறதா என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசும், அல்லது அழுத்த முடியாத உயரத்தில் நிற்கும்.

நெக்கைப் பொருத்துவதற்கு முன் பிரிட்ஜுக்குத் துளை போடாதீர்கள். நெக்கை மாட்டி, நட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் நூல் இழுத்து, இரண்டு பக்கமும் ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நூல் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்தபிறகே பிரிட்ஜின் இடத்தைக் குறிக்க வேண்டும். தடித்த கம்பிக்குக் கூடுதல் நீளம் தேவை. பிரிட்ஜில் மெல்லிய 'ஜி' கம்பி தங்கும் சேடிலை முன்பக்கம் தள்ளி 863.6இல் நிறுத்தினால், 'ஈ' கம்பியின் சேடில் சில மில்லிமீட்டர் பின்னால் போக இடம் இருக்க வேண்டும்.

நெக்கைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளுக்கு 45 மி.மீ. நீளம் போதும். 55 மி.மீ. போட்டால் ஃப்ரெட்போர்டின் முகத்தில் வந்து முட்டும். முன்துளை போட்டு, திருகாணியில் சோப்பைத் தேய்த்து இறக்குங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் சாதா இரும்புத் திருகாணியைத் தொடவே வேண்டாம், எவர்சில்வர்தான் சரி.

பாடியில் தோள்வார் மாட்டும் மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை எட்டாவிட்டால், கையை எடுத்த உடனே நெக்கின் தலை கீழே சரியும். சின்னதாக, வட்டமாக வரைந்த பாடிகள் படத்தில் அழகுதான்.

மின்சாரம்

பிக்கப்பைக் கையால் சுற்ற நினைப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் குறிப்புகளில் 42 கேஜ் என்று இருப்பது 0.063 மி.மீ. கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் 42 கேஜ் கேட்டால் பிரிட்டிஷ் கணக்கில் 0.10 மி.மீ. கம்பியைத் தருவார்கள். இங்கே கேட்க வேண்டியது 46. தடித்த கம்பியைச் சுற்றினால் தேவையான சுற்றுகள் பாபினில் அடங்கவே அடங்காது. ஒரு பிரிசிஷன் வகைப் பிக்கப்புக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் போகும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் 250 கிலோ ஓம், டோன் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் என்று போட்டால் பெரும்பாலான பிக்கப்புகளுக்குச் சரியாக இருக்கும். குழிகளுக்குள் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைக்காவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் விடாது. பிரிட்ஜிலிருந்து ஓர் எர்த் வயர் உள்ளே போக வேண்டும், அதற்கான நீளத் துளையை வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

இந்த பிரிட்ஜ் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரிலிருந்து லைன் இழுத்து, மூன்றாவது பின் இல்லாத பிளக்கில் ஆம்ப்பைச் செருகியிருப்பார்கள். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாய் படும்போது ஷாக் அடிக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். உடனே "கிட்டார்தான் கோளாறு" என்று பிரிட்ஜ் வயரை வெட்டிவிடுகிறார்கள். அப்போது கோளாறு அங்கேயே இருக்கும், இரைச்சலும் கூடும். மேடையின் எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதுவரை வாசிக்க மறுத்துவிடுங்கள்.

கடைசி வேலைகள்

மழை நாளில் என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடித்தால் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். வெயில் வரும்வரை பொறுங்கள். நெக்கின் பள்ளத்துக்குள் பெயின்ட் போகக் கூடாது, பொருத்தம் போய்விடும். முன்பக்கம் மட்டும் பூசிப் பின்பக்கத்தைப் பச்சை மரமாக விட்ட நெக் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கி வளையும்.

கம்பி மாட்டியதும் முதலில் நெக்கின் வளைவு, அடுத்து கம்பியின் உயரம், கடைசியில் இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேரும்படி சேடிலை நகர்த்துவது. இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள்.

குலசேகரத்து மழையில் சரிசெய்த நெக், ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் போனதும் கொஞ்சம் அசையும், மாசி பங்குனியில் ஃப்ரெட் முனைகள் விரலில் தட்டுப்படும். அது செய்தவரின் குறை இல்லை. முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்துவிட்டு, ட்ரஸ் ராட் சாவியைக் கிட்டார் பையிலேயே போட்டு வையுங்கள்.